காரணம் என்ற கட்டம்

திமிரி
17 ஜூன் 2024

அன்புள்ள தபரேஸ்,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய வழியில்லை என்பதால் இந்தக் கடிதம்.

இன்று பக்ரீத். பள்ளிக்கு விடுமுறை. ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்துக்கு உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் வீட்டில் தனியாக ரசம் சாதம். வாழ்த்தை முதலில் சொல்லிவிடுகிறேன், திட்டுவதைப் பிறகு திட்டு.

உன் கோபம் ஆற்காட்டு மேடையால் வந்தது என்று தெரியும். ஒன்பதாம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டி வாசகர் வட்டம் நடத்திய பட்டிமன்றம். 'புவி சூடாவதற்குப் பெரிதும் காரணம் பேராசையா, அறியாமையா?' என்பது தலைப்பு. நான் பேராசை அணி. கல்லூரியில் நாம் இரண்டு பேரும் எதிரெதிர் அணியில் நின்ற காலத்தில் எப்படிப் பேசினேனோ அப்படியே பேசினேன். நிலக்கரி, கார், ஏசி, வெட்டிய மரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது கூட்டம் கொட்டாவி விட்டது. அப்போதுதான் அதைச் சொன்னேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் மே இரண்டாம் தேதி ஒரு தொழிலாளி சூடு தாங்காமல் விழுந்து செத்தார், விபத்துப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'குடிபோதை' என்று எழுதிவிட்டார்கள் என்றேன். கொட்டாவி நின்றது. கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. எழுதியவர் பெயரையும் சொல்லவில்லை. எழுதியது நீ என்று நீயே போனில் சொன்னதால் எனக்குத் தெரியும்.

செத்துப்போன வேலு எங்கள் ஊர்க்காரர். அவர் மகள் ஷர்மிளா என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வேலு குடித்து நான் பார்த்ததில்லை, பார்த்ததாக ஒருவரும் சொன்னதுமில்லை. தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணை இன்னும் முடியவில்லை என்றாயே. முடிவதற்குள் அந்தக் கட்டத்தைத் திருத்து. 'குடிபோதை'யை அடித்துவிட்டு 'வெப்பம்' என்று எழுது. வேறொன்றும் கேட்கவில்லை.

உன்
குமரன்


ஆம்பூர்
26 ஜூன் 2024

குமரா,

கடிதம் வந்தது. பெயர் சொல்லவில்லையாம். ராணிப்பேட்டையில் மே இரண்டாம் தேதி எத்தனை தோல் தொழிற்சாலையில் எத்தனை பேர் செத்தார்கள்? மறுநாள் காலையில் முதலாளி ரஷீத் அஹமது என்னைக் கூப்பிட்டார். "மேடையில பேசினது உன் தோஸ்த்தானே?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. பக்ரீத் முடிந்த மறுநாளே என்னை ஆம்பூர் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதினாறு வருஷம் புரொடக்‌ஷன் பார்த்தவன் இப்போது ஒரு மூலையில் பைல் அடுக்குகிறேன். உன் கைதட்டலில் என் பங்கு இது.

பேராசை என்று முழங்கினாயே, காலில் என்ன போட்டிருந்தாய்? ரப்பரா? நான் வாங்கிக்கொடுத்த தோல் செருப்புதானே?

ஜெர்மனியிலிருந்து, நம் தோலை வாங்குகிற பையர் படிவம் அனுப்புகிறான். ஒரு ஜோடி ஷூவுக்கு எவ்வளவு கரியமில வாயு, பாய்லரில் எத்தனை டன் விறகு, லாரி எத்தனை கிலோமீட்டர் என்று நாற்பது பக்கம். நான்தான் நிரப்புகிறேன். கேட்கிறவன் நாட்டில் நூறு வருஷமாக எரித்த நிலக்கரிக்கு எவன் படிவம் நிரப்பினான்? அவனுக்குப் போடுவதற்கு ஷூ வேண்டும், ஆனால் புகை நம் தலையில். எங்கள் பாய்லரை நாளைக்கே அணைத்தால் வேலூரில் ஒரு டிகிரி குறையுமா? குறையாது. நாலாயிரம் பேர் அடுப்பு அணையும். உன் பட்டிமன்றத்தில் இதைச் சொல்ல ஒருவனும் இல்லை.

காரணம் என்ற கட்டம் எவ்வளவு பெரியது தெரியுமா? இரண்டு அங்குலம். அதில் அமெரிக்காக்காரன் காரையும் ஜெர்மனிக்காரன் நிலக்கரியையும் எழுத முடியாது. கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும். நான் பார்த்தேன். மத்தியானம் இரண்டே முக்காலுக்கு என் கேபின் வாசலில் வந்து நின்றான். தள்ளாடினான். நாக்கு குளறியது. "பாய், ஊத்தி... ஊத்தி... பதி..." என்றான். பதினோரு மணி டீ நேரத்தில் வெளியே போய் ஊத்திக்கொண்டு வந்ததை அவனே சொல்கிறான். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

கம்பெனி டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். அவன் வீட்டாரும் போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று உடலை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கும் வருத்தம்தான். வருத்தத்துக்காகப் பார்க்காததை எழுத மாட்டேன்.

தபரேஸ்


திமிரி
4 ஜூலை 2024

அன்புள்ள தபரேஸ்,

செருப்பு விஷயத்தில் நீ ஜெயித்துவிட்டாய். நான் மறந்தே போயிருந்தேன். மாற்றல் பற்றியும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பேசியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

நிலக்கரி எரித்தவன் வேறு, வேகிறவன் வேறு என்று நீ சொல்வது முழுக்க நியாயம். அதையே நான் இன்னும் கொஞ்சம் கீழே இழுக்கிறேன். ஜெர்மனிக்காரன் எரித்ததற்கு ராணிப்பேட்டை வேகிறது. ராணிப்பேட்டையில் உன் கேபினில் ஏசி இருக்கிறது, டாகிள் செக்‌ஷனில் இல்லை. தோலை இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கிளிப் மாட்டிச் சூட்டு அறைக்குள் தள்ளுகிற இடம் அது. நீதான் ஒரு தடவை காட்டினாய். ஐந்து நிமிஷத்தில் நான் வெளியே ஓடி வந்தேன். வேலு அங்கே பதினொரு வருஷம் நின்றிருக்கிறார். வெளியே நூறு டிகிரி இருந்தபோதும் நின்றார், நூற்றுப் பத்து ஆனபோதும் அதே தகர ஷீட்டின் கீழ் நின்றார்.

போகட்டும், வாதத்தை நிறுத்துகிறேன். இனி எழுதுவது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

போன வாரம் ஷர்மிளா வகுப்பு முடிந்ததும் நின்றாள். எல்லாரும் போகிற வரைக்கும் காத்திருந்து சொன்னாள்: "ஆபீசுல அப்படி எழுதியிருக்காங்கன்னு எங்க வீட்டுக்கு மட்டும்தான் சார் தெரியும். எங்கம்மா யாருகிட்டயும் சொல்லல. நீங்க மைக்குல சொன்னீங்க. இப்ப பஸ்ஸுல கூடக் கேக்கறாங்க, உங்கப்பா குடிச்சிட்டுத்தான் செத்தாராமேன்னு."

நான் சொன்னது அப்படி எழுதியது தவறு என்று. ஊர் காதில் விழுந்தது அந்த ஒரு சொல் மட்டும். இருபது வருஷமாக மேடை ஏறுகிறவனுக்கு, கூட்டம் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஆகவே அந்தச் சொல்லை நீ ஒரு கட்டத்தில் எழுதினாய், நான் அதை நாலு ஊருக்குப் பரப்பினேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அமிர்தவள்ளி, வேலுவின் மனைவி, கம்பெனியிடம் எதுவும் கேட்கப் போவதில்லை என்கிறார். அந்தச் சொல் மட்டும் போக வேண்டுமாம். மகளுக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் என்று வரும்போது அந்தச் சொல்தான் முதலில் வந்து நிற்கும் என்கிறார்.

உன்
குமரன்


ஆம்பூர்
15 ஜூலை 2024

குமரா,

பையர் ஆடிட் வருகிறது. இரண்டு வருஷத்துச் சூட்டு அறை சார்ட் எல்லாம் தேதிவாரியாக அடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே பேஜார். வாதம் பண்ண நேரமில்லை.

அந்தப் பெண்ணுக்காக வருந்துகிறேன். ஆனால் 'ஊத்தி' என்று நான் என் காதால் கேட்டேன். இல்லாததைச் சொல்லவில்லை. இதோடு விடு.

தபரேஸ்


திமிரி
22 ஜூலை 2024

தபரேஸ்,

விட முடியவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். முதல் தாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எங்கள் பள்ளிச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ். கடும் வெப்பம் தாக்கியவருக்கு என்னென்ன ஆகும் என்று போட்டிருக்கிறது. மூன்றாவது வரியைப் படி. 'நடை தள்ளாடும், பேச்சு குளறும், குடித்தவர் போலத் தோன்றலாம். உடனே நிழலில் படுக்கவைத்து உடலைக் குளிர்விக்கவும்.'

இரண்டாவது தாள் ஷர்மிளாவின் நோட்டிலிருந்து ஒரு பக்கம், நகல். நம் ஊர்ப் பேப்பரில் வெயிலைக் கிரிக்கெட் ஸ்கோர் போலத்தானே போடுகிறார்கள், வேலூரில் வெயில் சதமடித்தது என்று? வேலுவுக்கு அது வேடிக்கையாம். வேலூர் நூற்றெட்டு என்றால், நான் நிற்கிற இடத்தில் எத்தனை என்று மகளிடம் பந்தயம் கட்டியிருக்கிறார். சூட்டு அறைக்குள் தோலுக்காகச் சூடு அளக்கிற ஒரு மீட்டர் தொங்குமாமே, மத்தியானம் அதன் ஒயரை வெளியே இழுத்துத் தான் நிற்கிற இடத்தில் ஒரு ஆணியில் பத்து நிமிஷம் மாட்டிப் பார்ப்பாராம். மீட்டர் செல்சியஸ், பேப்பர் ஃபாரன்ஹீட். அதை மாற்றத் தெரியாமல் மகளைக் கேட்டிருக்கிறார். ஷர்மிளா ஒரு அட்டையில் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதைச் சாப்பாட்டு டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தார். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த கணக்கு.

இரவு வீட்டுக்கு வந்து ஸ்கோர் சொல்வார், அவள் எழுதிக்கொள்வாள். ஏப்ரல் 8, 43.3, நூற்றுப் பத்து. ஏப்ரல் 22, 45, நூற்றுப் பதின்மூன்று. ஏப்ரல் 30, 45.6, நூற்றுப் பதினான்கு. அன்றைக்கு அவள், உள்ளே ஆபீசுல சொல்லுங்கப்பா என்று சண்டை போட்டிருக்கிறாள். "நூத்திப் பதினஞ்ச தாண்டட்டும், பாய்கிட்ட சொல்லிடறேன்" என்றாராம். மே ஒன்று விடுமுறை. மே இரண்டுக்கு நேராக வெறும் கோடுதான் இருக்கிறது.

குமரன்


ஆம்பூர்
9 ஆகஸ்ட் 2024

அன்பு குமரா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். வீட்டில் ஷஹீன் பானு உடம்புக்கு என்ன என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

சூட்டு அறை மீட்டர் தானாகத் தாளில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் நேராகப் போக வேண்டும். அதைத் தாண்டினால் தோல் விறைத்துப்போகும், ஒரு லாட் முழுக்க வீண். அந்தச் சார்ட்டைத் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இந்த வருஷம் மார்ச்சிலிருந்து ஒரு தொந்தரவு. மத்தியானம் இரண்டரை வாக்கில் கோடு திடீரென்று நாற்பத்துச் சொச்சத்துக்கு இறங்கும், பத்து நிமிஷம் அங்கே நிற்கும், மறுபடி ஏறும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புப் பேனாவால் 'மீட்டர் கோளாறு' என்று எழுதி என் இனிஷியல் போட்டேன். இரண்டு தடவை மெக்கானிக்கை வரவழைத்தேன். கோளாறு ஒன்றும் இல்லை சார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

உன் கடிதம் வந்த அன்று அந்தச் சார்ட்டுகள் எல்லாம் என் மேசை மேல்தான் இருந்தன, ஆடிட்டுக்காக. நோட்டுப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் 8, கோடு 43.3க்கு இறங்கியிருக்கிறது. ஏப்ரல் 22, 45. ஏப்ரல் 30, 45.6. எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் மீட்டர் கோளாறு. தோலுக்கு எத்தனை டிகிரி என்று இருபத்துநாலு மணி நேரமும் கணக்கு வைத்திருந்தோம். ஆள் நிற்கிற இடத்தில் எத்தனை என்று அளக்க வேண்டும் என்று எனக்குப் பதினாறு வருஷத்தில் தோன்றியதில்லை. அவனாகவே அளந்ததைக் கோளாறு என்று எழுதியிருக்கிறேன்.

பிறகு மே இரண்டாம் தேதித் தாளை எடுத்தேன். இரண்டு முப்பத்தொன்றுக்குக் கோடு இறங்குகிறது. 47.2. அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் அது மறுபடி ஏறவில்லை. மீட்டரைத் திரும்ப உள்ளே வைக்க அவனால் முடியவில்லை. மூன்றரை வரைக்கும் நாற்பத்தேழிலேயே கோடு போகிறது.

உனக்கு நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. பதிவேட்டிலும் எழுதவில்லை. அவன் கேபின் கதவைத் திறந்துகொண்டு நின்றபோது நான் முதலில் சொன்னது, ஏசிக் காற்று வெளியே போகிறது, கதவை மூடு என்று. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். தள்ளாடுகிறான், நாக்கு குளறுகிறது. சாராய வாடை வந்ததா என்று மோந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குக் குடி என்றாலே ஆகாது என்று உனக்குத் தெரியும். "வெளிய போய் உக்காரு, தெளிஞ்சதும் வா" என்றேன். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிமெண்டு பெஞ்சுக்கு அனுப்பினேன். அங்கே நிழல் கிடையாது. நாலு மணிக்கு வாட்ச்மேன் வாஹித் பாஷா ஓடி வந்து கூப்பிட்டார்.

அதே வேலு ஏப்ரல் முதல் வாரத்தில் என்ன செய்தான் தெரியுமா? எனக்கு நோன்பு. செக்‌ஷனில் நடந்துகொண்டிருந்தபோது தலை சுற்றித் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஓடி வந்து நாற்காலி போட்டான். துண்டை நனைத்துத் தலையில் வைத்தான். "நோம்பு தெரியும் பாய், வாயில ஊத்தல, தலையில மட்டும்தான் ஊத்தறேன்" என்று சிரித்தான். நானும் அன்றைக்குத் தள்ளாடினேன், எனக்கும் நாக்கு குளறியது. என்னை யாரும் குடிகாரன் என்று எழுதவில்லை.

இப்போது அந்தச் சொல். இரண்டு வாரமாக அதுதான் காதில் ஓடுகிறது. அவன் 'ஊத்தி' என்று சொல்லவில்லை குமரா. 'நூத்தி' என்று சொன்னான். 'நூத்திப் பதினேழு' என்று சொல்ல வந்தான். நாக்கு எழவில்லை. பதினஞ்சைத் தாண்டியதும் பாயிடம் சொல்கிறேன் என்று மகளிடம் சொன்னபடி என்னிடம் சொல்லத்தான் வந்தான்.

உன் தலைப்புக்கு என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று அறியாமை அணியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்றால், சார்ட் என் கையில் இருந்தது. ஜெர்மனிக்காரனையும் விலக்க மாட்டேன், அவன் நிலக்கரி அவன் கணக்கில் இருக்கட்டும். அந்தச் சூடு கேபின் வாசல் வரைக்கும் வந்தது, கதவை மூடச் சொன்னது நான்.

போன ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டை போனேன். டாகிள் செக்‌ஷனில் அந்த ஆணி இருக்கிறது, ஆள் நெஞ்சு உயரத்தில். திங்கட்கிழமை ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். ஐம்பத்தோரு நாள் சார்ட் நகலும் வைத்தேன். பதிவேட்டில் திருத்தமும் எழுதினேன். இரண்டு அங்குலம்தான், பொடி எழுத்தில் எழுதினால் இடம் போதும். 'காரணம்: பணியிட வெப்பம், 47.2 டிகிரி. சொல்ல வந்தவரைப் போதையில் இருப்பதாக எண்ணி வெயிலில் அனுப்பியவர் கீழே கையெழுத்திட்டவர்.' கீழே என் முழுப் பெயர்.

முதலாளிக்கு நேற்றுத்தான் தெரிந்தது. திட்டவில்லை. வீட்டுக்குப் போய் இரு, சொல்லி அனுப்புகிறேன் என்றார். சொல்லி அனுப்புவார் என்று நான் நினைக்கவில்லை.

மே இரண்டாம் தேதிச் சார்ட்டின் நகல் இதில் இருக்கிறது. அந்தப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. கதவு மூடச் சொன்னதையும் விடாமல் படி. நான் நேரில் வர வேண்டும். வரலாமா என்று அவர்களைக் கேட்டு எழுது.

தபரேஸ்


திமிரி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தபரேஸ்,

இன்று காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டார்கள். உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். கதவு மூடச் சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தேன். அமிர்தவள்ளி, "படிங்க சார்" என்றார். படித்தேன்.

முடித்தபோது அவர் அழவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ வருவது பற்றிக் கேட்டேன். "இப்ப வேணாம் சார். என்னால பாக்க முடியாது. எழுதினது எழுதினபடி இருந்தா போதும்" என்றார். பிறகு, "அவரு கடைசியா பேசினது என்னான்னு தெரியாமயே இருந்தேன். இப்ப தெரிஞ்சிபோச்சு" என்று சொன்னார். உன்மேல் கோபமா என்று நான் கேட்கவில்லை. கோபம் இருக்கும். இருக்கட்டும் தபரேஸ், அது நீயும் நானும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த மாதம் காட்பாடியில் ஒரு பட்டிமன்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், இதே தலைப்பு. வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நான் கிளம்புவதற்கு முன் ஷர்மிளா நீ அனுப்பிய சார்ட்டை வாங்கிப் போய் நோட்டை எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, 47.2 என்று எழுதி, ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டினாள். ஒரு தடவை போட்டதை அடித்துவிட்டு மறுபடியும் போட்டாள். மே இரண்டுக்கு நேராக இருந்த வெறும் கோட்டின் மேல் விடையை எழுதிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அப்பா சரியாத்தான் சார் சொல்லியிருக்காரு" என்றாள். "நூத்திப் பதினேழு."

உன்
குமரன்